மின்ட்டும் விண்டோஸும் ஒரே பொட்டியில: அஞ்சு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

எங்க வீட்டு கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா இப்ப முதல்ல ஒரு கருப்பு ஸ்கிரீன் வரும், நாலஞ்சு வரி இருக்கும், மேல லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரியே மெஷினை ஓட்டற இன்னொரு ஓஎஸ்), கீழ தள்ளி விண்டோஸ், பத்து செகண்டுக்குள்ள எதையும் தொடலைன்னா அதுவா மின்ட்டுக்குள்ள போயிரும். அப்பா எதையும் தொட மாட்டார், அதனால அவருக்குக் கிடைக்கறது மின்ட், பேப்பர் படிப்பார், யூடியூப்ல பழைய பட்டிமன்றம் பாப்பார். எங்க வீட்டுல டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) போடணும், கீழ் அம்பை தட்டிட்டு என்டர், விண்டோஸ். பையனுக்கு அன்னிக்கு எந்த கேம்னு பொறுத்து. நான் ரெண்டு பக்கமும் உக்காருவேன். இப்படி ஒரு பொட்டிய நாலு பேர் பங்கு போட்டு அஞ்சு மாசம் ஆச்சு, சரி அடுத்தவங்களுக்கு உதவுமேன்னு எழுதறேன்.

மெஷின் என்னன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா உங்க மெஷின் வேற மாதிரி இருந்தா பாதி விஷயம் மாறும். 2016ல அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப், இன்டெல் ஐ5 ஆறாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், நடுவுல ஒரு தடவை உயிர் குடுத்து போட்ட 480 ஜிபி எஸ்எஸ்டி, அதோட ஆரம்பத்துல இருந்தே இருக்கற 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சது உங்க எல்லாருக்கும் தெரியும், 11க்கு போகலாம்னா டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி வசதி மெஷின்ல வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் லிஸ்ட்லயே இருக்கு, நம்ம ஆறாவது வாசல்லயே நின்னுருச்சு. ஏதோ பைபாஸ் பண்ணி போடலாம்னு சொல்றாங்க, போட்டவங்களும் இருக்காங்க, ஆனா நாளைக்கு ஒரு அப்டேட் வராம போனா யாரைப் போய் கேக்கறது.

முதல்ல ஒரு சர்வீஸ் கடையிலதான் கேட்டேன். "ரெண்டு ஓஎஸ் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆயிரும் சார், புது செட்டே எடுத்துருங்க"ன்னார். இது ஊர் பூரா சுத்தற ஒரு கதை. ஒரு நேரத்துல ஒரு ஓஎஸ்தான் ஓடும், இன்னொன்னு டிஸ்க்ல ஒரு ஓரமா சும்மா தூங்கிட்டு இருக்கும், ராமையோ ப்ராசசரையோ அது தொடறதே கிடையாது, இடம் மட்டும்தான் எடுக்கும். ஒரே பொட்டிக்குள்ள ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டற விர்ச்சுவல் மெஷின் வேற சமாச்சாரம், அதுல வேணா 8 ஜிபி ராம் மூச்சு முட்டும், ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிடணும்ல. அவர் ரெண்டையும் குழப்பிக்கிட்டாரா இல்ல புது செட் விக்கணுமான்னு தெரியலை, கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

உண்மையில இந்த டூயல் பூட், அதாவது ஒரே பொட்டியில ரெண்டு ஓஎஸ் வச்சு ஆன் பண்றப்ப ஒண்ணை எடுத்துக்கறது, நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்ல. 2011ல தமிழக அரசு குடுக்க ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப் ஞாபகம் இருக்கா, அதுல விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் பண்ணின பாஸ் லினக்ஸும் சேர்ந்தேதான் வந்துச்சு. ஆன் பண்ணினா எது வேணும்னு கேக்கும். எங்க தெருவுல அதை வாங்கின புள்ளைங்க முதல் வேலையா அந்த கேள்வியை எப்படி எடுக்கறதுன்னுதான் கேட்டு வந்தாங்க, நானே ரெண்டு பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். இப்ப அதே கேள்வியை எங்க வீட்டு மெஷின்ல உக்காந்து நானே போட்டு வச்சிருக்கேன், காலக்கொடுமை.

ஏன் முழுசா லினக்ஸுக்கு போகலைன்னு கேப்பீங்க. நாங்க சிவகாசி. நான் இருபது வருஷமா டிடிபி, அதாவது அச்சுக்கு பக்கம் கட்டற வேலை. அதுக்கான சாஃப்ட்வேர் பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001ல, அதுதான் கடைசி வெர்ஷன், அதுக்கப்புறம் புதுசே வரலை, ஆனாலும் கல்யாண பத்திரிகை, பில் புக், காலண்டர் அடிக்கட்டைன்னு பழைய கஸ்டமரோட ஃபைல் எல்லாம் அதுலதான் கிடக்கு. "போன வருஷம் அடிச்சதுல தேதி மட்டும் மாத்திருங்கண்ணே"ன்னு ஒருத்தர் வருவார், அவருக்கு லினக்ஸ்னா என்னன்னு பாடம் எடுக்க முடியாது. எங்க வீட்டுல ரெண்டு கடைக்கு கணக்கு எழுதறாங்க, டேலி விண்டோஸ்லதான் ஓடும். ஆக விண்டோஸை தூக்கிப் போட வழியில்ல. அப்புறம் ஏன் லினக்ஸ்னா, பேங்க், மெயில், நெட்டுல மேயறது எல்லாத்தையும் சப்போர்ட் முடிஞ்ச ஓஎஸ்ல பண்ண மனசு வரலை. வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் நீட்டிச்சு தர்றாங்க, அதுல பேரைக் குடுத்து வச்சிருக்கேன், ஆனாலும் வெளியில சுத்தற வேலைக்கு மின்ட், வீட்டுக்குள்ள வேலைக்கு விண்டோஸ்னு பிரிச்சுட்டேன்.

மின்ட் ஏன்னா, பழக்கப்பட்ட கண்ணுக்கு அது அன்னியமா தெரியாது. கீழ ஒரு பட்டை, இடது மூலையில மெனு, வலது மூலையில நேரம், விண்டோஸ் 7 காலத்து ஆளுங்களை அப்படியே உக்கார வைக்கலாம். 2006ல இருந்து வருது, க்ளெமென்ட் லெஃபெவ்ர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு பொண்ணு பேர் வைப்பாங்க, நான் போட்டது 22.2, ஸாரா. உபுண்டு 24.04ஐ அடியில வச்சு கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் வரும். அதுலயே சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇன்னு மூணு விதம், நான் சின்னமன். உங்க மெஷின் 4 ஜிபி ராமுக்குள்ளன்னா எக்ஸ்எஃப்சிஇ எடுங்க, அழகு கொஞ்சம் கம்மி, ஓட்டம் இலகு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டூயல் பூட்ல மின்ட் இன்ஸ்டால் பண்றது வேலையே இல்ல. இருபது நிமிஷம். உண்மையான வேலை முழுக்க அதுக்கு முந்தி விண்டோஸ் பக்கம் உக்காந்து பண்ற வேலைதான், அதை யாரும் சரியா சொல்றதில்ல, வீடியோ எல்லாம் பென்டிரைவ் சொருகறதுல இருந்து ஆரம்பிச்சுடறாங்க. எனக்கு தீபாவளிக்கு கிடைச்சது மூணு நாள் லீவு (காலண்டர் சீசன், அதை விட்டா ஜனவரி வரைக்கும் மெஷினை சும்மா விட முடியாது), அதுல ரெண்டு நாள் இந்த முன்வேலைக்கே போச்சு.

முதல்ல பேக்கப். எல்லாரும் சொல்றதுதான், நானும் சொல்றேன், பார்ட்டிஷன்ல (டிஸ்க்கை வெட்டி வச்ச பாகம்) கை வைக்கறதுக்கு முந்தி ஃபைலை எல்லாம் வெளியில ஒரு ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சு, அதை கழட்டி பீரோவுல வச்சுட்டு வந்து உக்காருங்க. சொருகியே வச்சிருந்தா தப்பா அதையே ஃபார்மட் பண்ற ஆளுங்களும் இருக்காங்க.

அடுத்தது, உங்க விண்டோஸ் எந்த மோட்ல ஏறியிருக்குன்னு பாக்கறது. சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு தேடித் திறந்தா பயாஸ் மோட்னு ஒரு வரி இருக்கும், லெகஸியா யுஇஎஃப்ஐயான்னு. பயாஸ்னா ஆன் பண்ணினதும் ஓஎஸ்ஸுக்கு முந்தி ஓடற மதர்போர்டு புரோகிராம், லெகஸி அதோட பழைய முறை, யுஇஎஃப்ஐ புது முறை. என் மதர்போர்டு யுஇஎஃப்ஐ தெரிஞ்சதுதான், ஆனா அசெம்பிள் பண்ணினவர் பழைய பழக்கத்துல லெகஸில எம்பிஆர் டிஸ்க்கா (பார்ட்டிஷன் கணக்கு வைக்கற பழைய முறை) போட்டுட்டு போயிருந்தார், அப்புறம் எஸ்எஸ்டி மாத்தினப்ப அப்படியே க்ளோன் பண்ணினதால அதுவும் அப்படியே வந்துருச்சு. இதுல சட்டம் ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு ஓஎஸ்ஸும் ஒரே மோட்ல இருக்கணும். ஒண்ணு லெகஸி ஒண்ணு யுஇஎஃப்ஐன்னு போட்டா ரெண்டும் தனித்தனியா ஏறும், ஆனா அந்த கருப்பு மெனுல இருந்து ஒண்ணை ஒண்ணு கூப்பிட முடியாது, ஒவ்வொரு தடவையும் பயாஸுக்குள்ள போய் மாத்திக்கிட்டு கிடக்கணும். நான் விண்டோஸ் 10லயே இருக்கற எம்பிஆர்டுஜிபிடின்னு ஒரு கருவிய வச்சு டிஸ்க்கை ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்தினேன், டேட்டா எதுவும் அழியலை, மாத்தின கையோட பயாஸ்ல போய் யுஇஎஃப்ஐ ஆக்கினதும் விண்டோஸ் ஏறிருச்சு. ஆனா ஒண்ணு, பூட் டிஸ்க்ல மூணு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல இருந்தாலோ, எக்ஸ்டெண்டட்னு ஒண்ணு இருந்தாலோ அது முடியாதுன்னு சொல்லிரும். நம்ம ஊர்ல ஒரே டிஸ்க்கை சி, டி, இ, எஃப்னு நாலா வெட்டி வைக்கறது வழக்கம், அந்த மாதிரி இருந்தா மாத்தற வேலையே வேணாம், மின்ட்டையும் லெகஸிலயே போட்டுக்கங்க, அதுவும் நல்லாவே ஓடும்.

மூணாவது, இடம் ஒதுக்கறது. 480ன்னு வாங்கின எஸ்எஸ்டி விண்டோஸ்ல 447தான் காட்டும், அதுல பாதி காலியாத்தான் இருந்துச்சு. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி டிரைவை ரைட் கிளிக் பண்ணி ஸ்ரிங்க் (சுருக்கறது) குடுத்தா வெறும் 38 ஜிபிதான் தருவேன்னுச்சு. காலி இடம் இருநூறுக்கு மேல இருக்கு, தர்றது 38. என்னடா இதுன்னு பாத்தா, நகர்த்த முடியாத ஃபைல்னு சிலது இருக்காம், பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரெஸ்டோர் பாயிண்ட் இதெல்லாம் டிரைவுக்கு நட்ட நடுவுல உக்காந்திருந்தா அதுக்கு அங்கிட்டு இருக்கற இடத்தைத்தான் வெட்ட முடியும். பஸ்ஸுல கடைசி சீட்டுல ஒருத்தர் மூட்டையோட உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னா பின்னாடி சீட்டை கழட்ட முடியாதுல்ல, அந்த கதை. மூணையும் ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணினதும் 180க்கு மேல தந்துச்சு, நான் 120 ஜிபி எடுத்துக்கிட்டேன். மின்ட்டுக்கு குறைஞ்சது 20 ஜிபி போதும், 100 இருந்தா வசதின்னு அவங்களே சொல்றாங்க. வெட்டற வேலைய விண்டோஸ் டிரைவுக்கு விண்டோஸ்ல இருந்தே பண்ணிருங்க, மின்ட் இன்ஸ்டாலரும் பண்ணும், ஆனா விண்டோஸோட வீட்டை விண்டோஸ்கிட்டயே குடுத்து இடிக்கச் சொல்றதுதான் பாதுகாப்பு.

அப்புறம் மின்ட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் ஃபைல்), கிட்டத்தட்ட 3 ஜிபி, இறக்கி, சேதம் இல்லாம வந்துச்சான்னு செக்சம் ஒத்துப் பாத்து, 8 ஜிபி பென்டிரைவ்ல எழுதி, பூட் மெனுல போனா அதே பென்டிரைவ் ரெண்டு தடவை தெரியும், ஒண்ணுக்கு முன்னாடி யுஇஎஃப்ஐன்னு இருக்கும். விண்டோஸ் எந்த மோட்ல இருக்கோ அந்த வரிய எடுங்க. இங்க கவனிக்காம இன்னொண்ணை எடுத்துட்டு, இன்ஸ்டாலர்ல விண்டோஸே தெரியலையேன்னு புலம்பறவங்கதான் பாதிப்பேர். இன்ஸ்டால் பண்றதுக்கு முந்தி அந்த லைவ் மோட்லயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க, வைஃபை வருதா, சத்தம் கேக்குதா, பிரிண்டர் தெரியுதான்னு. டிஸ்க்ல எதுவும் எழுதாது, பிடிக்கலைன்னா பென்டிரைவை உருவிட்டு போயிட்டே இருக்கலாம், கல்யாணத்துக்கு முந்தி இப்படி ஒரு வசதி வேற எதுல இருக்கு.

இன்ஸ்டால் சாதாரணம்தான். கோடெக் போடவான்னு ஒரு டிக் வரும், போடுங்க, இல்லைன்னா சில வீடியோ ஓடாது. விண்டோஸுக்குப் பக்கத்துலயே போடவான்னு அதுவா கேக்கும், காலி இடத்தை அதுவே எடுத்துக்கும். ஸ்வாப் பார்ட்டிஷன் (ராம் பத்தலைன்னா உதவற இடம்) தனியா வெட்டற பழைய பழக்கம் எல்லாம் இப்ப வேணாம், அதுவே ஒரு ஃபைலா போட்டுக்குது. நான் பண்ணின ஒரே புத்திசாலித்தனம், இன்வெர்ட்டர் லைன்ல சொருகினது. பார்ட்டிஷன் எழுதறப்ப கரண்ட் போனா நான் ஜவாப்தாரி இல்ல.

முடிஞ்சு ரீஸ்டார்ட் பண்ணினா அந்த கருப்பு மெனு, கிரப்புன்னு பேர், ரெண்டும் வரிசையா நிக்குது. சந்தோஷமா எல்லாரையும் கூப்பிட்டு காட்டினேன். எங்க வீட்டுல பாத்துட்டு "டேலி எங்க?"ன்னு ஒரே கேள்வி.

மறுநாள் காலையில 9 மணிக்கு அவங்க விண்டோஸ் திறந்துட்டு "என்னங்க, இதுல விடியக்காலை மூணரைன்னு காட்டுது"ன்னாங்க. டூயல் பூட் போட்ட எல்லா இந்திய வீட்டுலயும் இந்த சீன் ஒரு தடவை நடக்கும்னு நினைக்கறேன். விஷயம் என்னன்னா மதர்போர்டுல ஒரு கடிகாரம் இருக்கு, அதுல ஓடறது உள்ளூர் நேரம்னு விண்டோஸ் நினைக்கும், லினக்ஸ் அதுல யுடிசிங்கற உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் தப்பா படிக்கறாங்க. மின்ட் டெர்மினல்ல உள்ளூர் நேரத்தையே வச்சுக்கன்னு ஒரு வரி கமாண்டு குடுத்தா தீந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை, ஆனா அது தெரியாம மதர்போர்டு பேட்டரிய மாத்தினவங்களை எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் இன்னொண்ணு. ஹார்ட் டிஸ்க்ல இருக்கற டி டிரைவ் ரெண்டுக்கும் பொது, விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மட், மின்ட் அதை நல்லா படிக்கும் எழுதும். (மின்ட் இருக்கற பார்ட்டிஷன், லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 ஃபார்மட், விண்டோஸுக்கு கண்ணுல தெரியாது, அதனால ரெண்டுக்கும் வேண்டிய ஃபைலை டி-ல வைக்கறதுதான் வழி.) ஒரு நாள் மின்ட்ல இருந்து போட்டோவை அதுல காப்பி பண்ணினா எழுத முடியாதுங்குது. அரை நாள் மண்டைய உடைச்சேன். தப்பு என்னோடதுதான். ஸ்ரிங்க் பண்றதுக்காக ஹைபர்னேஷனை ஆஃப் பண்ணினேன்ல, வேலை முடிஞ்சதும் பேஜ் ஃபைலை மட்டும் திருப்பி ஆன் பண்ணாம எல்லாத்தையும் சேர்த்து ஆன் பண்ணித் தொலைச்சுட்டேன், கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் உயிர் வந்துருச்சு. அது இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா சாகாது, பாதிய டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அரைத்தூக்கத்துல இருக்கும், அந்த நிலைமையில டிரைவ்ல கை வச்சா கெட்டுப்போகும்னு மின்ட் படிக்க மட்டும்தான் விடும். இதுல காமெடி, ரீஸ்டார்ட் குடுத்தா விண்டோஸ் முழுசா அணையும், ஷட்டவுன் குடுத்தாதான் அரைகுறை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை கொன்னுருங்க, எஸ்எஸ்டி இருக்கற மெஷின்ல அது மிச்சம் பிடிக்கற நேரம் ஒண்ணும் பெருசில்ல.

சரி, மின்ட் எப்படி இருக்கு. வேகம் நல்லா இருக்கு, ஏறினதும் ராம் ஒரு ஜிபி சொச்சம்தான் எடுக்குது, பிரவுசர்ல இருபது டேப் திறந்தாலும் விசிறி கத்தலை. அப்டேட் வந்தா மூலையில ஒரு சின்ன கேடயம் தெரியும், நம்ம சவுகரியத்துக்கு போட்டுக்கலாம், ஆஃப் பண்ற நேரத்துல பிடிச்சு வச்சுக்காது. டைம்ஷிஃப்ட்னு ஒண்ணு கூடவே வருது, முதல் நாளே அதைத் திறந்து ஸ்னாப்ஷாட் எடுக்க வச்சுட்டேன், ஒரு தடவை நான் எதையோ நோண்டி டெஸ்க்டாப்பே வராம போனப்ப பத்து நிமிஷத்துல முந்தின நாளுக்கு கொண்டு வந்துச்சு. ஃபோன்ல இருந்து ஃபைல் அனுப்ப வார்ப்பினேட்டர், வயர் வேணாம், ஒரே வைஃபைல இருந்தா போதும், அப்பாவுக்கே அது வந்துருச்சு.

எனக்கு ரொம்ப முக்கியமான இடம் தமிழ். எழுத்து தெரியறதுக்கு எதுவும் பண்ண வேணாம், யூனிகோட் தமிழ் எடுத்த உடனே சுத்தமா தெரியுது. டைப் அடிக்கறதுலதான் ஒரு பள்ளம் இருக்கு. கீபோர்டு செட்டிங்ஸ்ல தமிழ்நெட் 99னு ஒரு லேஅவுட் இருக்கு, ஆகா தமிழ்99 இருக்கேன்னு அதை எடுத்தீங்கன்னா ஏமாந்துருவீங்க, விசைங்க இருக்கற இடம் மட்டும்தான் தமிழ்99, ஆனா அதோட உயிரே தானா புள்ளி விழறதுதானே, ம ரெண்டு தடவை தட்டினா முதல் மேல புள்ளி விழுந்து ம்ம ஆகணும், ங அடிச்சு க அடிச்சா ங்க ஆகணும். அந்த லேஅவுட்ல அது நடக்காது, கீ-க்கு எழுத்து அப்படிங்கறதோட அது வேலை முடிஞ்சுது. அதுக்கு சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ் எம்17என்னு தேடி போட்டு, அதுக்குள்ள தமிழ்99 எடுக்கணும். எடுத்தா அப்புறம் விண்டோஸ்ல என்எச்எம் ரைட்டர்லயோ இ-கலப்பைலயோ அடிச்ச கை அப்படியே ஓடும். அம்மா அப்பான்னு ஆங்கிலத்துல அடிச்சு தமிழ் வரவைக்கறவங்களுக்கு ஃபொனெட்டிக்கும் அதுலயே இருக்கு, பழைய டைப்ரைட்டர் கையா, அதுவும் இருக்கு. இந்த கட்டுரை முழுக்க மின்ட்ல அடிச்சதுதான்.

பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபாண்டுல அடிச்ச ஃபைல் இருந்தா, அந்த ஃபாண்டை மின்ட்ல போட்டுட்டா எழுத்து தெரியும், ஏன்னா அது உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்துதான், மேல தமிழ் சட்டை. படிக்கறதுக்கு ஓகே. பிரஸ்ஸுக்கு போற வேலைய நான் அங்க பண்ண மாட்டேன், லிப்ரெ ஆஃபீஸ் டிராவுல பேஜ்மேக்கர் ஃபைலை திறக்க வழி இருக்கு, உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாக்க அது போதும், பிளேட் போடற வேலைக்கு நம்பக் கூடாது.

குறைன்னு சொல்லணும்னா. பிரிண்டர். எங்ககிட்ட இருக்கற பழைய லேசர் பிரிண்டர் (கம்பெனி பேர் வேணாம்) மின்ட்ல கண்ணைத் திறக்கவே இல்ல, ரெண்டு ராத்திரி போராடிட்டு விட்டுட்டேன், பிடிஎஃப் ஆக்கி டி-ல வச்சுட்டு விண்டோஸ்ல போய் அடிக்கறோம். இப்ப வர்ற வைஃபை பிரிண்டர் பலது டிரைவரே இல்லாம ஓடிருது, மச்சான் வீட்டுல சொருகின உடனே தெரிஞ்சுது, பழசுதான் தகராறு. கேம்ல ஆன்டி-சீட் (ஏமாத்தி ஆடறவங்களைப் பிடிக்கற காவல்) வச்சதுங்க பலது லினக்ஸ்ல ஓடாது, வாலரன்ட் சுத்தமா கிடையாது, பையன் இதுக்காக மூணு நாள் என்கூட பேசலை, அப்புறம் கீழ் அம்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் சமாதானம்.

எல்லாத்தையும் விட பெரிய குறை ரீஸ்டார்ட்தான், அது மின்ட் குறையும் இல்ல விண்டோஸ் குறையும் இல்ல, டூயல் பூட்டோட பிறவிக் குறை. நான் இங்க மெயில் பாத்துட்டு இருப்பேன், ஒரு கஸ்டமர் ஃபோன் பண்ணி "அந்த பத்திரிகை ஃபைலை திறங்கண்ணே"ம்பார், எல்லாத்தையும் மூடி, ரீஸ்டார்ட், கருப்பு மெனு, கீழ் அம்பு, ஏறி முடிக்க ரெண்டு நிமிஷம், அதுக்குள்ள அவர் லைன்லயே ரெண்டு தடவை "இருக்கீங்களா"ன்னு கேட்டுருவார். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல மாறணும்னா உங்களுக்கு இது சரிப்படாது, ராமை 16 ஆக்கிட்டு விர்ச்சுவல் மெஷின் போயிருங்க. இன்னொண்ணு, எந்தப் பக்கம் ரெண்டு வாரம் போகலையோ அந்தப் பக்கம் போற அன்னிக்கு அப்டேட் மொத்தமா வந்து நிக்கும்.

கிரப் காணாம போற பயம் எல்லாருக்கும் இருக்கு. விண்டோஸ் பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் பூட் ஆர்டர் மாறி நேரா விண்டோஸுக்கே போறது உண்டு, பயப்பட வேணாம், மின்ட் அழிஞ்சிருக்காது, பயாஸ்ல போய் பூட் ஆர்டர்ல மேல கொண்டு வந்தா போதும். அங்க மின்ட்னு தேடாதீங்க, உபுண்டுன்னு ஒரு வரி இருக்கும், அதுதான் மின்ட். 2024 ஆகஸ்ட்ல வந்த ஒரு விண்டோஸ் செக்யூரிட்டி அப்டேட் நிறைய டூயல் பூட் மெஷின்ல லினக்ஸை ஏறவே விடாம பண்ணினது உண்மை, செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் ஏற விடற காவல்) ஆன்ல இருந்த மெஷின்லதான் அது, மைக்ரோசாஃப்டே ஒத்துக்கிட்டு, 2025 மே மாசம்தான் முழுசா சரி பண்ணினாங்க. என்னோடது அதுக்கப்புறம் போட்டதால தப்பிச்சேன். அந்த கதைய கேட்டதுல இருந்து மின்ட் பென்டிரைவை அழிக்காம அப்படியே டிராயர்ல வச்சிருக்கேன்.

மச்சான் லேப்டாப் கதையும் சொல்லியாகணும், ஏன்னா புது லேப்டாப் வச்சிருக்கறவங்களுக்கு அதுதான் முக்கியம். என் மெஷின்ல பாத்துட்டு "மாமா எனக்கும் போட்டுக் குடுங்க"ன்னார். விண்டோஸ் 11. நான் பெரிய இவன் மாதிரி பயாஸ்ல போய் முதல் வேலையா செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணினேன், பழைய காலத்து பழக்கம், இப்ப மின்ட்டுக்கு அது தேவையே இல்ல, ஆன்லயே ஏறும். ரீஸ்டார்ட் பண்ணினா நீல ஸ்கிரீன், பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீ 48 டிஜிட் குடுன்னு நிக்குது. புது லேப்டாப்ல டிஸ்க் தானாவே என்க்ரிப்ட் ஆகி இருக்கும், அதை நான் பாக்கவே இல்ல. சாவி அவர் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், அந்த அக்கவுண்ட்டை லேப்டாப் வாங்கின அன்னிக்கு கடைக்காரப் பையன் ஏதோ மெயில் ஐடி போட்டு பண்ணினதாம், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மச்சான் முகத்தைப் பாக்க முடியலை, தங்கச்சி காபியே குடுக்கலை. கடைசியில செக்யூர் பூட்டை பழையபடி ஆன் பண்ணினதும் ஒண்ணுமே கேக்காம திறந்துருச்சு, அப்பதான் மூச்சே வந்துச்சு. உடனே சாவிய பேப்பர்ல எழுதி வச்சு, என்க்ரிப்ஷனை ஆஃப் பண்ணி, அது முழுசா முடியற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் பென்டிரைவையே சொருகினேன். லேப்டாப்ல போடறவங்க இந்த ஒண்ணை பாக்காம பயாஸ் பக்கமே போகாதீங்க.

கையில கொஞ்சம் காசு இருந்தா நான் சொல்றது ரெண்டு தனி டிஸ்க். டெஸ்க்டாப்னா ஒரு சின்ன எஸ்எஸ்டி தனியா வாங்கி, மின்ட் போடறப்ப விண்டோஸ் டிஸ்க்கோட கேபிளை கழட்டிட்டு போடுங்க. கழட்டலைன்னா இன்ஸ்டாலர் தன்னோட பூட் ஃபைலை முதல் டிஸ்க்ல இருக்கற விண்டோஸோட பூட் பார்ட்டிஷன்லயே கொண்டு போய் வச்சுரும், அப்புறம் ரெண்டு டிஸ்க் இருந்தும் ஒண்ணு இல்லாம ஒண்ணு நிக்காது. தனித்தனியா இருந்தா நாளைக்கு ஒண்ணு வேணாம்னா உருவி எடுத்தா முடிஞ்சுது. ஒரே டிஸ்க்ல இருந்து மின்ட்டை எடுக்கறவங்க, மின்ட் பார்ட்டிஷனை டெலிட் பண்றதுக்கு முந்தி பயாஸ்ல விண்டோஸ் பூட் மேனேஜரை முதல்ல வச்சுருங்க, இல்லைன்னா மறுநாள் கிரப்புன்னு ஒரே ஒரு வார்த்தை போட்டு கருப்பு ஸ்கிரீன் உங்களையே பாத்துக்கிட்டு நிக்கும்.

மார்க் போடணும்னா மின்ட்டுக்கு பத்துக்கு எட்டரை, அந்த ஒண்ணரைல ஒண்ணு பிரிண்டருக்கு, அரை தமிழ்99க்கு. டூயல் பூட்டுக்கு ஏழு. செலவு ஒரு பென்டிரைவ். இப்போதைக்கு மின்ட்ல ஏறுன நேரம்தான் எங்க வீட்டுல அதிகம், விண்டோஸ் வாரத்துல மூணு நாள், மாசக் கடைசில ஜிஎஸ்டி நேரத்துல மட்டும் தினமும். அக்டோபர் 13க்கு அப்புறம் டேலிக்கு என்ன பண்றதுன்னு எங்க வீட்டுல இப்பவே கேட்டாச்சு. செகண்ட்ஸ்ல எட்டாவது ஜெனரேஷன் செட் ஒண்ணு விலைக்கு வருதாம், போய் பாக்கணும்.